மாமாவின் பூட்ஸ்

தூண்டில் போடுவதில் பாதி வேலை வீட்டிலேயே முடிந்துவிடும் ஐயா. நாங்கள் புழு மாட்டுகிறவர்கள் இல்லை. முள்ளில் இறகையும் நூலையும் சுற்றி, ஈ மாதிரி ஒன்றைக் கட்டி, ஓடும் தண்ணீரின்மேல் மிதக்கவிட்டு மீனை ஏமாற்றுகிறவர்கள். கோடை முடிகிற சமயத்தில் மலையாற்றுக்குப் போவோம். அதற்கு ரொம்ப முன்பே எங்கள் சாப்பாட்டு மேசை முழுக்க இறகாகிவிடும்.

எங்கள் மேசை என்றேன். மாமாவின் மேசை. கீழே மூக்குக்கண்ணாடிக் கடை, மேலே வீடு, இரண்டும் மாமனாருடையவை. நான் வீட்டோடு மாப்பிள்ளை. கடையில் கண்ணாடியைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது என் வேலை. மாமா கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. நான் கட்டி முடித்த ஈயை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "இதப் பாத்தா மீனுக்குப் பசி வராது மாப்பிள்ளை, சிரிப்புதான் வரும்" என்பார். பிளேடால் நூலை அறுத்து, வெறும் முள்ளை என் கையில் கொடுப்பார். என் மனைவி சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.

வேறு ஊரில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. மாமாவே அந்த முதலாளிக்குப் போன் போட்டு, "எங்க மாப்பிள்ளைக்கு இங்க என்ன குறை?" என்று கேட்டார். அந்தப் பேச்சு அதோடு சரி. "உங்க மேல இருக்கிற பாசத்துல அப்பா பண்ணிட்டாரு, விடுங்க" என்றாள் அவள். விட்டேன். குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டால்தான் அந்த வீட்டில் தனியாக இருக்க முடியும். அங்கேயும் கதவுக்கு வெளியே அவர் செருப்புச் சத்தம் கேட்கும்.

இந்த வருஷம் பூட்ஸைச் சரிபார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஆற்றில் இறங்குகிற பூட்ஸுக்கு அடியில் தடித்த கம்பளி ஒட்டியிருக்கும். பாசிப் பாறையில் காலைப் பிடித்து நிறுத்துவது அதுதான். கோடை முடிவில் தண்ணீர் குறைந்து பாசி கூடிவிடுவதால் அது இல்லாமல் யாரும் இறங்க மாட்டார்கள். மாமாவின் பூட்ஸில் ஒரு ஓரம் கிளம்பியிருந்தது. முழுவதையும் பெயர்த்தெடுத்தேன். காகிதம் ஒட்டுகிற பசையைத் தடவி, மறுபடி ஒட்டி, மேலே கனம் வைத்துக் காயவிட்டேன். அந்தப் பசை தண்ணீரில் ஊறினால் கரைந்துவிடும். மாமா விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்து, "பரவாயில்லையே" என்றார். அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்ததும் மாமா முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"ஏறி வந்ததுல கால் வீங்கிடுச்சு. இன்னிக்குப் பாப்பா இறங்கட்டும்."

"நிஜமாவாப்பா?" என்றாள் என் மனைவி. அதுவரை அவளைக் கரையிலேயே உட்கார வைத்துத்தான் பழக்கம். ஒன்றின்மேல் ஒன்றாகக் காலுறை மாட்டிக்கொண்டு, அவர் பூட்ஸுக்குள் காலை நுழைத்தாள். "என்னங்க, நாடாவ இறுக்கிக் கட்டி விடுங்களேன்" என்று என் பக்கம் நீட்டினாள்.

கட்டினேன்.

வேண்டாம் என்று தடுத்திருக்கலாமே என்பீர்கள். ஏன் என்று மாமா கேட்பார். பூட்ஸைக் கையில் வாங்கிப் பார்ப்பார். எதையும் திருப்பிப் பார்க்காமல் விடுகிறவர் இல்லை அவர். அதனால் "பாத்துப் போ" என்று மட்டும் சொன்னேன். சொன்னேன் என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

நடு ஆற்றில் ஒரு கம்பளி கழன்று மிதந்து போனது. அவள் பயப்படவில்லை. "என்னங்க, அடி கழண்டு ஓடுது பாருங்க" என்று சிரித்தாள். மாமாதான் எழுந்து கத்தினார்: "அசையாம நில்லு பாப்பா, மாப்பிள்ளை வந்து பிடிச்சுக்குவாரு."

அவள் அசையாமல் நின்றாள். ஒரு கையை என் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றாள். என் பூட்ஸ் நல்ல பூட்ஸ். நாலு எட்டு வைத்தால் அந்தக் கையைப் பிடித்திருப்பேன். ஆனால் அவள் கரைக்கு வந்தால் பூட்ஸும் கரைக்கு வரும். மாமா திருப்பிப் பார்ப்பார். இதை யோசித்துக்கொண்டு நின்றேன். அவசரப்பட்டு எதுவும் செய்துவிடக் கூடாது என்று நினைத்தேன். யோசித்து முடிப்பதற்குள் அவளுடைய இன்னொரு காலும் வழுக்கிவிட்டது. கீழே ஆழமான மடு.

மறுநாள் எடுத்தார்கள். பூட்ஸ் காலிலேயே இருந்தது, நாடா அவிழவில்லை. பழைய பூட்ஸ், அடி விட்டுப் போயிருக்கிறது என்றார்கள். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை.

"என் பழைய பூட்ஸக் குடுத்து நானே என் பொண்ணக் கொன்னுட்டேன் மாப்பிள்ளை" என்று மாமா என் தோளில் சாய்ந்து அழுகிறார். நான் ஊட்டினால்தான் சாப்பிடுகிறார். தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட "எங்க போறீங்க?" என்று கையைப் பிடித்துக்கொள்கிறார். கடையையும் வீட்டையும் என் பெயருக்கு எழுதப் போகிறாராம். நானாகவே உங்களிடம் வந்ததற்குக் காரணம் அதுதான். அந்த வீட்டில் இனி என்னால் இருக்க முடியாது.

பசை தடவியது நான். அது மாமாவுக்காகத் தடவியது. கை நீட்டியபோது போகாமல் நின்றதும் நான்தான். ஆனால் அவளுக்கு நான் மனதாலும் ஒரு கெடுதல் நினைத்ததில்லை ஐயா. சந்தேகமாக இருந்தால் மாமாவையே கேட்டுப் பாருங்கள்.