வடம் தொடாத யோகராஜ்

"கூசாமப் பேசுங்க தங்கச்சி" என்று சொல்லி என்னை மேடையேற்றி, தலைமை தாங்கி வீற்றிருக்கும் ஸெய்னுலாப்தீன் ஹாஜியார் அவர்களே! பலாபத்வல முச்சக்கரவண்டிச் சாரதிகள் சங்கத்துப் பெரியோர்களே! பெருமைமிகு தாய்மார்களே! பின்வரிசையில் நழுவப் பார்க்கும் இளவல்களே! மேனகாவின் பணிவான வணக்கம்.

ஆணுறுப்பில் வரும் புற்றுநோயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். யார் அங்கே சிரிப்பது? சிரியுங்கள் தம்பி, சிரித்து முடித்துவிட்டுக் காது கொடுங்கள். கண்ணில் வந்தால் காட்டுகிறோம், காலில் வந்தால் காட்டுகிறோம். அங்கே வந்தால் மட்டும் ஏன் ஐயா மூடி வைக்கிறோம்?

என் கணவர் யோகராஜ் ஆண்டுதோறும் மாத்தளையில் அம்மன் தேருக்கு வடம் பிடிப்பவர். சென்ற ஆண்டு மாசியில் தேர் அசைகிறது, தெரு அதிர்கிறது. அவரோ ஒதுங்கி நின்றார். "இடுப்புப் பிடிச்சிருக்கு" என்றார். விரதம் காத்தவர் வடத்தை விடுவாரா? வீட்டுக்கு வந்து விடாமல் கேட்டேன்.

"அந்த எடத்துல ஒரு புண்ணு. ரத்தம் கசியுது. தீட்டோட எப்படி வடம் தொடுறது? சூடுதான், தெம்பிலி எளநி குடிச்சா ஆறிடும்னு இருந்தேன்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சமா? "அம்மன்கிட்ட ஒத்துக்கிட்டீங்க, டாக்டர்கிட்ட ஒத்துக்க மாட்டீங்களா? கெளம்புங்க!" என்றேன்.

சிறு துண்டு சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய்தான். "முழுசா வெட்டிடுவீங்களா?" என்று கேட்டார். "இன்னும் ஆழமாப் போகல. நோய் பிடிச்ச எடத்த மட்டும் எடுத்தாப் போதும்" என்றார் டாக்டர். அப்படியே எடுத்தார்கள். மேல்தோலோடு நின்றால் சிலருக்குப் பூசுமருந்தே போதுமாம். அரையிடுக்கு நெறிக்கட்டுக்குப் பரவினால் பெரிய சத்திரசிகிச்சை, மருந்தேற்றல், கதிர்ச் சிகிச்சை. நகத்தால் கிள்ளுவதைக் கோடரியால் வெட்டும்வரை விடலாமா?

ஆண்மக்களே! ஆறாத புண்ணா? அழுத்தமான கட்டியா? நாறும் நீரா? நிறம் மாறிய தோலா? இறுகிப்போன முன்தோலா? வெட்கத்தை வீட்டில் வையுங்கள், வைத்தியரிடம் செல்லுங்கள்! சுருட்டை விடுங்கள், சுத்தம் பேணுங்கள்!

என்னம்மா கேட்கிறீர்கள், ஒட்டுமா என்றா? புற்றுநோய் ஒட்டாது. ஒரே பாயில்தான் படுக்கிறோம்! ஆனால் பலருக்கு இந்நோயைக் கொண்டுவரும் வைரஸ் ஒன்று உடலுறவில் தொற்றும். அதனால் நானும் போய்க் கருப்பைக் கழுத்தைச் சோதித்துக்கொண்டேன்.

கதையைக் கேட்டீர்கள், ஆளைக் காண வேண்டாமா? அவர் சம்மதத்தோடுதான் இத்தனையும் சொன்னேன். என்னங்க, எந்திரிங்க! இதோ நிற்கிறார். இந்த மாசித் தேரில் முன்வரிசையில் வடம் பிடித்து உள்ளங்கைத் தோல் உரிந்தவர். போய்க் கேளுங்கள், அதையாவது கூசாமல் காட்டுவார்!

இருந்து கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. எழுந்து நின்ற அவருக்கு என் முதல் வணக்கம்.