உப்பு போடாத சோறு

குருவிநத்தத்தில் பஸ் ஏறிய ஒரு அம்மா, எனக்கு முன் சீட்டில் தெரிந்த பெண் இருப்பதைப் பார்த்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அடுத்து அவர் சொன்னதைக் கேட்டுத்தான் நான் போனை மடியில் வைத்தேன்.

“எங்க வூட்ல இப்ப சோத்துக்கு உப்பே போடறதில்லடி.”

“இன்னாக்கா, மாமாவுக்கு பிரஷரா?”

“பிரஷரும் இல்ல, ஒண்ணும் இல்ல. போர் தண்ணியே கரிக்குது. அதுல ஒலை வெச்சா தனியா உப்பு எதுக்கு?”

“ஆத்தோரம் இருந்துகினு உப்புத் தண்ணியா?”

“ஆத்துல மணல் இருந்த வரைக்கும் நல்ல தண்ணிதான். லாரி லாரியா அள்ளினு போய்ட்டானுவ. இப்ப மழை பெஞ்சா தண்ணி நிக்காம ஓடிப்போவுது, கடல் தண்ணி உள்ள ஏறுது. இந்த வாட்டி நாத்தே கருகிப் போச்சி.”

அந்தப் பெண் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்.

“மூலக்குளத்துல நாங்க வூடு கட்டினோமேக்கா... மணல் உங்க ஊர்லேர்ந்துதான் வந்துச்சி.”

சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன்.

“எங்க ஆத்து மணலா?” என்றார் அந்த அம்மா. “சலிக்கவே வேணாமே. சக்கரையாட்டம் இருந்திருக்கும்.”