ஐம்பதுக்குக் கீழே

கிரீச் கிரீச்னு அடிபம்பு சத்தம். தெருவுல கரண்ட் இல்ல, இந்த இருட்டுல யாருடான்னு பாப்பாவத் தூக்கிக்கினு வந்து பாத்தா, நீங்க. சிவபாலன் சார். சொந்தமா லேப் வெச்சிருக்கறவரு, சின்ன காஞ்சிபுரத்துல எங்க தெரு பம்புல திருட்டுத்தனமா தண்ணி புடிக்கறீங்க. வாசல்லயே நில்லுங்க. உள்ள வேணாம்.

அது என்ன, ஜூஸ் பாட்டிலா? சோப்பு போட்டுக் கழுவினீங்களா. சரிதான். நைட்ரிக் ஆசிட் ரெண்டு சொட்டு விட்டீங்களா? விடலன்னா ஈயம் பாட்டில் சுவத்துலயே ஒட்டிக்கும், மெஷினுக்கு வெறும் தண்ணிதான் போவும். உங்க லேப்ல மூணு வருஷம் இருந்தவ நான், எங்கிட்டயேவா. ஆசிட் ஆசிட்னு தொல்ல பண்றாருன்னு எங்கூட வேல பாத்த யேசுதாஸ் சார வீட்டுக்கு அனுப்பினவராச்சே நீங்க.

ஆமா, நான்தான் இந்தத் தண்ணிய சென்னை காலேஜுக்கு அனுப்பினேன். அங்க மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இருக்குது. நூறு கோடியில ஒரு பங்கு ஈயம் இருந்தாலும் புடிச்சிடும். குடிக்கற தண்ணியில பத்து பங்குக்கு மேல இருந்தா ஆவாது. எங்க பம்புல முப்பத்தெட்டு.

உங்க மெஷின்ல வரலியா? எப்படி வரும், அதுக்கு ஐம்பதுக்குக் கீழ ஒண்ணுமே தெரியாதே. விறகுக்கடைத் தராசுல ஜரிகைய வெச்சிட்டு, முள்ளு அசையல, ஜரிகையே இல்லன்னு எழுதிக் குடுக்கற லேப்பு.

ஈயம் வந்தது பட்டுச் சாயத்துலருந்தா, பழைய குழாயிலருந்தான்னு அப்புறம் பாக்கலாம் சார். பாப்பாவுக்கு எட்டு மாசம். ஆறு மாசமா இந்தத் தண்ணியிலதான் பால் பவுடர் கலக்கறேன். காய்ச்சிதான் குடுத்தேன். காய்ச்சினா ஈயம் போயிடுமா? பக்கத்து வீட்டு துளசி, கேன் தண்ணி வாங்குடின்னா. டெஸ்ட் பண்ண தண்ணி இதுன்னு நான்தான் அவளப் பாத்து சிரிச்சேன். நேத்து பாப்பாவுக்கு ரத்தம் எடுத்திருக்காங்க. ரிசல்ட் இன்னும் வரல.

இந்த பம்புல ஈயம் இல்லன்னு உங்க லேப் குடுத்த பழைய ரிப்போர்ட்டா? கிழிக்கல. புதுசோட சேத்து சாயங்காலமே வீட்டுக்கு வீடு குடுத்துட்டேன்.

தெரியும் சார், அடியில யார் கையெழுத்துன்னு. என்னுதுதான். மாசமா இருக்கறப்ப, லீவுக்கு முந்தின நாள் போட்டது. மெஷினுக்குத் தெரியாதுன்னு தெரிஞ்சேதான் இல்லன்னு எழுதினேன். எழுதி எழுதி நானே நம்பிட்டேன்.

கால எடுங்க, கதவு சாத்தணும்.

தாப்பா போட்டாச்சு. தட்டாதீங்க.