பன்னிரண்டாவது கோடு

— கண்ணை மூடுங்க. துண்டை நல்லா இழுத்து விட்டுக்கங்க. எட்டிப் பாக்கக் கூடாது.

— மூடிட்டேன்டி. சீக்கிரம் தட்டு! இன்னைக்குப் பன்னெண்டாவது வாரம். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

— கைதான் ஓடல. கால் நல்லாத்தான் ஓடுது.

— நக்கலா? தட்டுடி!

— முழங்கைக்கு மேலேருந்து வர்றேன்... இங்க?

— இல்ல.

— இங்க?

— ம்ஹும்... இன்னும் கீழ வா...

— இங்க?

— ஆங்! அதான்! சுர்ருனு கட்டைவிரல் வரைக்கும் ஓடுச்சு! கோடு போடு, கோடு போடு!

— இருங்க, பேனா மூடியைக் கழட்ட விடுங்க... போட்டாச்சு. துண்டை எடுத்துட்டுப் பாருங்க.

— யம்மாடி! முழங்கையைத் தாண்டிடுச்சுடி! போன வாரக் கோட்டுக்கும் இதுக்கும் ஒரு விரல் அகலம் இருக்கு! டாக்டர் என்ன சொன்னாரு? நரம்பு தானா வளந்தா, தட்டினதும் சுர்ருங்கற இடம் வாராவாரம் கீழ இறங்கும்னு சொன்னாரா இல்லையா?

— சொன்னாரு. இறங்கலன்னா பன்னெண்டு வாரத்துக்கு மேல ஆபரேஷனைத் தள்ளாதீங்க, தசை வத்திப் போயிடும்னும் சொன்னாரு.

— அதான் இறங்கிடுச்சே! நாளைக்கு அவர் மூஞ்சிக்கு நேரா கையை நீட்டிக் காட்டறேன். ஆபரேஷனும் வேணாம், ஒண்ணும் வேணாம்!

— நீட்டணும்னா மணிக்கட்டு தூக்கணுமே... தொங்கிக்கிட்டுல்ல இருக்கு?

— அது தன்னால வரும். ஒண்ணாம் தேதி சலூனைத் திறக்கறேன்னு எல்லாருக்கும் சொல்லியாச்சு. தபால்காரர் மூணு மாசமா வேற எங்கயும் போய் முடி வெட்டிக்கல, தெரியுமா?

— நேத்து பாத்தேன். கரடி கணக்கா இருக்காரு.

— முதல் ஆளு அவர்தான்! ஆனா ட்யூப்லைட்டை மட்டும் இனி நீ மாத்து. அந்த ஸ்டூல்ல நான் ஏற மாட்டேன் சாமி.

— ஏறி விழுந்து கையை ஒடிச்சு, நரம்பையும் அறுத்துக்கிட்டது போதும். அது சரி, தபால்காரர் எதுக்கு முதல்ல? நான் இல்லையா? இந்தாங்க கத்திரி.

— இப்பவா?

— முடி நெத்தியில விழுந்து கண்ணைக் குத்துது. ஒரு விரல் அகலம் வெட்டுங்க. நரம்பு வளந்த அதே அளவு.

— சாப்பிட்டுட்டு வெட்டறேனே...

— கழுத்துல பேப்பரைச் சுத்திக்கிட்டாச்சு. வெட்டுங்க.

— குடு... இரு... ஆங், விரலை உள்ள விட்டுட்டேன் பாரு!

— ம். திறங்க.

— இரு, திறக்கறேன்...

— வெட்டணும்னா முதல்ல கத்திரி திறக்கணும்ல?

— திறக்க மாட்டேங்குதுடி.

— மூணு மாசமா எண்ணெய் போடல. இறுகிப் போச்சோ என்னவோ.

— கத்திரி இல்ல... விரல். மடங்குது, விரிய மாட்டேங்குது.

— கால்ல போட்டுக்கப் போறீங்க, இப்படிக் குடுங்க.

— ஏய்... ஒண்ணு சொன்னா திட்ட மாட்டியே?

— திட்டுவேன். சொல்லுங்க.

— சுர்ருன்னெல்லாம் ஒண்ணும் வரலடி. நாலு வாரமாவே வரல. தொட்டாக்கூடத் தெரியல, மரத்துப் போய்க் கெடக்கு. நீ தட்டற சத்தத்தை எண்ணிக்கிட்டே வந்து, போன வாரத்தைவிட ஒண்ணு தள்ளி 'ஆங்'னு குதிப்பேன்.

— ஏன்?

— பயம்டி. கால்லேருந்து நரம்பு எடுத்து ஒட்ட வேண்டியிருக்கும்னாரே... நாள் முழுக்க நின்னுக்கிட்டே பொழைக்கறவன் நான். கையோட காலும் போச்சுன்னா? அதுவுமில்லாம... கோடு போடறப்ப உன் மூஞ்சியில ஒரு சந்தோஷம் வரும் பாரு... அதைக் கெடுக்க மனசு வரல.

— ஹ... ஹஹ்ஹா!

— என்னடி சிரிக்கற? இங்க ஒருத்தன் அழற நிலமையில இருக்கேன்!

— சிரிக்காம என்ன பண்ண? மூணு வாரமா நான் தட்டினது உங்க கையவே இல்ல. என் கைய!

— உன் கையா?!

— அந்த நாலுல முதல் வாரம் நம்பித் தெருவுக்கே சொல்லிட்டு வந்தேன். அடுத்த வாரம் சந்தேகம் வந்து என் கையைத் தட்டினேன், அதுக்கும் குதிச்சீங்க பாருங்க! மறுநாளே டாக்டர்கிட்ட ஓடினேன். கால்லேருந்து நரம்பு எடுத்தா பாதத்து ஓரத்துல கொஞ்சமா மரத்துப் போகுமாம், நிக்கறதுக்கு ஒண்ணும் ஆகாதாம். இப்பவே பண்ணினா கை திரும்பி வர நல்ல வாய்ப்பு இருக்காம். புதன்கிழமை காலைல ஏழு மணிக்கு ஆபரேஷனுக்கு நேரம் வாங்கி வச்சிருக்கேன். ஆனா சம்மதத்தை உங்க வாயாலதான் சொல்லணும், நான் சொல்லக் கூடாதுன்னுட்டாரு டாக்டர். அதுக்குத்தான் இந்தக் கத்திரி. கண்ணைத் துடைங்க... ஒண்ணாம் தேதி கடை திறக்காதுன்னு தபால்காரருக்கு எப்பவோ தெரியும். எத்தனை மாசமானாலும் சரி, பின்னல் போட்டுக்கிட்டாவது காத்திருக்கேன்னு சொல்லியிருக்காரு!