கொக்கி வைத்த வருஷம்

மேடையில் அமர்ந்திருக்கும் ஊராட்சித் தலைவர் மகாதேவி அம்மா அவர்களே, குல்லாவும் கம்பளியுமாக எதிரே நிற்கும் பூண்டி மேட்டுக் காலனிச் சொந்தங்களே, இந்தச் சின்னச்சாமியின் வணக்கம். ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் கையில் மைக்கைக் கொடுத்திருக்கிறீர்கள். தப்பு உங்களுடையது.

நம் காலனித் தலைவர், பூண்டு விவசாயி, அண்ணன் நாச்சிமுத்து போன வெள்ளிக்கிழமை மாரடைப்பில் காலமானார். அழ வேண்டியவர்கள் அழுதுவிட்டோம். நான் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

2019-ஐ மறக்க முடியுமா? ஒன்பது வீட்டுக் காலனி முப்பத்தொரு வீட்டுக் காலனியான வருஷம்! இருபத்திரண்டு பேருக்கு அரசாங்க வீடு, அத்தனையும் கான்கிரீட் தளம். இனி ஒழுகாது என்று ஆடினோமே, ஒருத்தராவது அண்ணாந்து பார்த்தோமா? விட்டமே இல்லாத வீட்டில் விதைப்பூண்டை எங்கே கட்டுவது? அடுப்புப் புகை படாத பூண்டு அடுத்த நடவு வரைக்கும் தாங்குமா? அண்ணாந்து பார்த்தவர் நாச்சிமுத்து!

கம்பியை வளைத்து, சமையலறைக்கு எட்டுக் கொக்கி வீதம், தளக் கம்பியோடு சேர்த்துக் கட்டினார். முதல் வீட்டுக்குக் கான்கிரீட் போடும் அன்று இன்ஜினியர் வந்தார்.

“ஒரு கிச்சனுக்கு எட்டு ஃபேனா? இந்தக் குளிர்லயா?”

“ஃபேன் இல்லைங்க சார். பூண்டு.”

“பிளான்ல இல்லை. கழட்டுங்க.”

அண்ணன் சத்தம் போட்டாரா? கொடி பிடித்தாரா? இல்லை. இரண்டு கட்டுப் பூண்டு கொண்டுவந்தார். ஒன்று அவருடைய பழைய வீட்டு அடுப்புக்கு மேலே தொங்கியது, மற்றது சாக்கில் கிடந்தது. புகை பட்டதை நசுக்கினார், அசையவில்லை. சாக்கில் கிடந்ததை நசுக்கினார். தூளாகக் கொட்டியது.

“இதை நட்டு மொளைக்க வச்சிருங்க சார், நானே கழட்டிப்புடுறேன்.”

இன்ஜினியர் பூண்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். “நான் டீ குடிக்கப் போறேன். வர்றதுக்குள்ள கொட்டிருங்க. நான் எதையும் பார்க்கலை.”

இருபத்தொரு வீட்டுக்கு அவரே ஓடி ஓடிக் கொக்கி வைத்தார். வைக்காதது ஒரே வீடு. யார் வீடு? அவர் வீடு! என் வீட்டுக் கொக்கி கோணலாக இருக்கிறதென்று நிமிர்த்திக்கொண்டிருந்தார், அங்கே அவர் வீட்டுத் தளத்துக்குக் கான்கிரீட்டைக் கொட்டிவிட்டார்கள். அவர் மனைவி காளியாயி அண்ணி கேட்டது காலனிக்கே கேட்டது:

“நம்ம பூண்ட உங்க மீசையிலயா கட்டித் தொங்கவிட?”

அன்றிலிருந்து அவர் விதைப்பூண்டு என் வீட்டில். தினமும் வெள்ளனே வந்து நிற்பார்.

“ஏலே சின்னச்சாமி, என் பூண்டு எப்படிக் கெடக்கு?”

“உங்களைவிட நல்லாத்தான் கெடக்குண்ணே.”

சிரிப்பார். என் டீயில் பாதியைக் குடித்துவிட்டுப் போவார். போன வியாழக்கிழமையும் அதையேதான் கேட்டார், நானும் அதையேதான் சொன்னேன். இந்த வாயை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

இப்போது காலனிக்கு இன்னும் பன்னிரண்டு வீடு. வருகிற திங்கட்கிழமை தளம் போட ஆரம்பிக்கிறார்கள். மேஸ்திரி வெளியூர்க்காரர், கொக்கி என்றால் சிரிக்கிறார். அண்ணன் ஒன்பது வீட்டுக்கு வளைத்துச் சாக்கில் போட்டுவைத்திருக்கிறார். மூன்று வீட்டுக்கு, இருபத்து நான்கு கொக்கி, பாக்கி. அதை விட்டுவிட்டால் மூன்று குடும்பம் விதையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டு வாசலில் நிற்க வேண்டும். அண்ணன் ஒருத்தர் நின்றது போதாதா?

ஆகவே படத்துக்குப் பூப்போட்டதும் யாரும் நழுவக் கூடாது. கம்பி வெளியே கிடக்கிறது. முதல் கொக்கியை மகாதேவி அம்மா வளைப்பார், போட்டோ எடுத்துக்கொள்ளலாம். மேஸ்திரி சிரித்தால் சிரிக்கட்டும். இந்தக் காலனியில் இனி ஒரு தளத்தையும் கொக்கியில்லாமல் போட விடமாட்டோம். இது அண்ணன் படத்துக்கு முன்னால் நாம் கொடுக்கும் வாக்கு.

காளியாயி அண்ணி, உங்கள் பூண்டு நடவு வரைக்கும் என் வீட்டில்தான் தொங்கும். ஆனால் வெள்ளனே ஒருத்தர் வந்து, எப்படிக் கெடக்கு என்று கேட்டாக வேண்டும். அந்தச் சோலியை இனி நீங்கள் பாருங்கள். பதிலை மட்டும் நான் மாற்றிக்கொள்கிறேன்.