பஞ்சாபகேசன் கவனமின்றி இறங்கவில்லை

இந்த அனுதாபக் கூட்டத்தின் தலைவர் வேங்கடசுப்ரமணியன் அவர்களே, மேடையிலுள்ள பெரியோர்களே, துயரத்தோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஸ்ரீமதி பாகீரதி அம்மாள் அவர்களே, மாதுங்கா அன்பர்களே! நமஸ்காரம்.

எனக்கு முன் பேசிய நால்வரும் நம் பௌதிக ஆசிரியர் பஞ்சாபகேசன் அவர்களை ஞானி என்றார்கள், உத்தமர் என்றார்கள். கடைசியில் 'எல்லாம் விதி' என்று முடித்தார்கள். விதியாம்! எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒன்பது வருஷம் அவரோடு பம்பாய் லோகல் ரயில் வண்டியில் போய்வந்தவன் இந்த ஜகந்நாதன். எதிரே ஒரு வண்டி விர்ரென்று கடந்தால், "நம்மது முப்பது மைல், அதுவும் முப்பது, ஜன்னல்ல பாக்கறவனுக்கு அறுபது" என்பார். "அப்போ அறுபது மைலுக்கா ஸார் பாஸ் வாங்கியிருக்கோம்?" என்று கேலி செய்தோம். பக்கவாட்டில் ஒரு வண்டி நம்மோடு சமமாக ஓடினால் அது நிற்பதுபோல் தோன்றும். அப்போது நாம் என்ன செய்தோம்? ஜன்னலுக்கு ஜன்னல் கூவி ஜாதகப் பொருத்தம் பேசினோம்!

"ஓய், அதுவும் நிக்கலை, நாமும் நிக்கலை. ரெண்டும் சேந்து ஓடறது. எறங்கறச்சே பக்கத்து வண்டியைப் பாக்காதேயும், தரையைப் பாரும்!" என்று தொண்டை வறளக் கத்தினாரே, கேட்டோமா? பாலம் ஏற நமக்குச் சோம்பல். பிளாட்பாரம் இல்லாத பக்கமாகக் குதித்துத் தண்டவாளத்தைத் தாண்டினால் கிங்ஸ் சர்க்கிளில் இருக்கும் வீட்டுக்கு ஐந்து நிமிஷம் மிச்சமாம். மிச்சம் பிடித்த ஐந்து நிமிஷத்தில் நம்மில் யார் என்ன கிழித்தோம்?

போன செவ்வாய்க்கிழமை மாலை நடந்தது என்ன? வண்டி மாதுங்காவுக்குள் வந்துகொண்டிருந்தது. பிளாட்பாரம் இல்லாத வாசலில் ஒரு மேதாவி குடையும் சாப்பாட்டு டப்பாவுமாக நின்றான். பக்கவாட்டில் இன்னொரு வண்டி அதே வேகத்தில் வந்தது. அதன் ஜன்னல்கள் அசையவே இல்லை. தன் வண்டி நின்றுவிட்டது என்று நினைத்து மேதாவி காலை வெளியே வைத்தான். பஞ்சாபகேசன் பாய்ந்து அவன் கோட்டைப் பிடித்து உள்ளே இழுத்தார். இழுத்த வேகத்தில் தாம் நிலைதடுமாறி வெளியே விழுந்தார்.

பன்னிரண்டு பேர் அந்தப் பெட்டியில் இருந்தோம். விசாரணைக்கு வந்த ரயில்வே அதிகாரி கேட்டபோது பன்னிரண்டு பேர் வாயிலும் கொழுக்கட்டை! ஏன்? அந்தப் பக்கம் இறங்குவது குற்றம். தெரிந்தால் ஆபீஸுக்குக் கடிதம் போகும் என்று பயம். அதனால் அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? 'ஓடும் வண்டியிலிருந்து கவனமின்றி இறங்கினார்.' யார்? பஞ்சாபகேசன்! கவனமின்றி!

நேற்று பாகீரதி அம்மாள் என்னிடம் கேட்டார்: "அவரா அப்படி எறங்கினார்? நீங்க கூட இருந்தேளே, சொல்லுங்கோ." நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருக்கிறது.

அம்மா, அந்த மேதாவி நான்தான். உங்கள் கணவர் பிடித்து இழுத்தது இந்தக் கோட்டைத்தான். தோள்பட்டையில் தையல் விட்டிருக்கிறது, பாருங்கள்.

அன்னாரின் பணியைத் தொடர்வோம் என்று ஒரு தீர்மானத்தை வாசிக்கச் சொல்லி என் கையில் கொடுத்திருக்கிறார்கள். அது அப்புறம் ஆகட்டும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அந்த அறிக்கை மேலதிகாரிக்குப் போகிறது. அதற்கு முன்னால் நான் போய் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போடப் போகிறேன். வேலை போனால் போகட்டும். ஆனால் தனி ஒருவன் பேச்சை யார் நம்புவார்கள்? மீதிப் பதினொரு பேரும் இந்த ஹாலில்தான் இருக்கிறீர்கள். என்னோடு வருகிறவர்கள் கையைத் தூக்குங்கள்.

தலைவர் அவர்களே, நீங்களும் அன்று அந்தப் பெட்டியில்தான் இருந்தீர்கள். முதல் கை உங்களுடையதாக இருக்கட்டும். அதுவரை நான் உட்காரப் போவதில்லை.