பூஜ்யம் எண் வட்டம்

வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை சைக்கிளில் போய், பூட்டினோமா இல்லையா என்று திரும்பி வந்து பார்க்கிற ஆள் நான். அடுப்பு, குழாய், ஜன்னல் எல்லாமே அப்படித்தான். அதனால்தான் நாட்குறிப்பு எழுத ஆரம்பித்தேன். எழுதிவிட்டால் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. நேற்று இந்தப் போலீஸ் நிலையத்தில் நீங்கள் வாங்கி வைத்துக்கொண்ட நீல நோட்டு அதுதான்.

எங்கள் சங்கம் என்ன செய்கிறது என்று என்னோடு வேலை பார்க்கும் மாரித் உங்களிடம் சொல்லியிருப்பாள். இருந்தாலும் நானும் சொல்லிவிடுகிறேன், விட்டுப்போனால் எனக்கு மனசு ஆறாது. இந்த லேவார்டன் ஊரில் தனியாக வாழும் முதியவர்கள் தினமும் காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் எங்களுக்கு ஒரு போன் செய்ய வேண்டும். செய்தால் அவர்கள் பெயர் திரையிலிருந்து போய்விடும். ஒன்பது மணிக்குப் பிறகும் நிற்கிற பெயர்களுக்கு நாங்கள் போன் செய்வோம். எடுக்காவிட்டால் சாவியோடு ஒருவரை அனுப்புவோம். ஊரை ஏழு வட்டமாகப் பிரித்திருக்கிறோம். பழைய புரோகிராமை எழுதியவர் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறவர், அதனால் முதல் வட்டத்துக்கு எண் பூஜ்யம். அது என்னுடையது. பதினோரு பேர்தான், எல்லோரும் விடியலிலேயே எழுந்துவிடுகிறவர்கள். நான்காம் வட்டம் மாரித்துடையது. அலுவலகத்துக்குப் பொறுப்பும் அவள்தான். வட்டத்தில் எல்லோரையும் பார்த்தாகிவிட்டால் ‘முடிந்தது’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும்.

வீபே பொஸ்துமா நான்காம் வட்டம். எண்பத்தொரு வயது. வாழ்நாள் முழுக்க, கால்வாயில் படகு போவதற்காகப் பாலத்தைத் தூக்கி இறக்கும் வேலை பார்த்த மனிதர். யார் போனை எடுத்தாலும் ஒரே கத்தல்.

“பொஸ்துமா பேசறேன். இன்னும் மேல போகல. இன்னைக்கும் ஏமாந்துட்டீங்க.”

“நாளைக்குப் பாத்துக்கலாம் தாத்தா,” என்பாள் மாரித்.

“நாளைக்கு எனக்கு முடிதிருத்தம் இருக்கு. அடுத்த வாரம் வச்சுக்கோ.”

அவரை எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் மாலை வகுப்பில் ஜாவா என்ற கணினி மொழி படிக்கிறேன், செவ்வாயும் வியாழனும். வகுப்புக்கு ஒரு செய்முறை வேலை தேவைப்பட்டது. சங்கத்தின் புரோகிராமை எழுதியவர் வெளிநாடு போய்விட்டதால் அதைப் பார்க்க ஆளில்லை. நான் கேட்டேன், கொடுத்தார்கள். அந்தப் புரோகிராம் நேராக டேட்டாபேஸிடம் பேசாது. நடுவில் ஒரு மென்பொருள் இருக்கிறது. டேட்டாபேஸுக்குச் சொல்ல வேண்டிய வாக்கியங்களைத் தனிக் கோப்பில் எழுதி வைத்தால், அது தேவையான எண்ணையும் பெயரையும் செருகி அனுப்பும். சில வரிகளுக்கு நிபந்தனை போடலாம். இன்னது இருந்தால் இந்த வரியைச் சேர், இல்லாவிட்டால் விட்டுவிடு என்று. அவ்வளவுதான்.

ஜனவரி இறுதியில் அந்தக் கோப்பில் ஒரு வரியை மாற்றினேன். ‘முடிந்தது’ பொத்தானுக்கான வாக்கியம் அது. இந்த வட்டத்தில் மீதி இருக்கும் பெயர்களை முடிந்ததாகக் குறி என்பது அதன் பொருள். வட்ட எண் வராமல் போனால் புரோகிராம் நின்றுவிடுகிறது என்று மாரித் குறைபட்டாள். அதனால், எண் காலியாக இல்லாவிட்டால் மட்டும் வட்டத்தைச் சேர் என்று எழுதினேன். ஜாக்கிரதைக்காகச் செய்ததுதான். அதன் பிறகு புரோகிராம் நிற்கவில்லை. மாரித் பிஸ்கட் டப்பாவைத் திறந்து, எனக்கு மட்டும் இரண்டாவது பிஸ்கட் கொடுத்தாள்.

மூன்று வாரம் எதுவும் நடக்கவில்லை, அல்லது எனக்குத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை, ஒன்பது மணி ஏழு நிமிடம். என் பதினோரு பேரும் பேசிவிட்டார்கள். பொத்தானை அழுத்தினேன். மாரித்தின் திரையில் பொஸ்துமா என்ற பெயர் நின்றிருந்ததை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். அது போய்விட்டது.

“ஏய், பொஸ்துமா பேரு இருந்துச்சே,” என்றாள் மாரித். “நீ பேசினியா?”

“வேற யாராவது எடுத்திருப்பாங்க,” என்றேன்.

அது பொய் இல்லை. எனக்கு அப்போது தெரியாது. சந்தேகம் மட்டும் வந்தது. ஆனால் எனக்கு எப்போதும்தானே சந்தேகம் வருகிறது. நவம்பரில் திருமதி ஹோக்ஸ்ட்ரா போன் எடுக்கவில்லை என்று தீயணைப்புக்காரர்களை அனுப்பிக் கதவை உடைக்கச் சொன்னவள் நான். அவர் தலை முழுக்கச் சாயம் பூசி வெள்ளித்தாள் சுற்றிக்கொண்டு முடிதிருத்தகத்தில் உட்கார்ந்திருந்தார். கிறிஸ்துமஸ் வரைக்கும் அலுவலகத்தில் என் பெயர் கோடாலி. “கோடாலி வந்தாச்சு, கதவைத் திறந்தே வைங்க” என்பார்கள். பிரியமாகத்தான் சொன்னார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து இரவு சாப்பிட முடியாது.

எங்கள் வகுப்பு நடத்தும் ஓல்டன்பேக் பகலில் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறவர். அவருக்கு இரண்டே விதிதான். “பிழையைத் திருத்தறதுக்கு முன்னாடி அதை உன் கண்ணு முன்னால திரும்ப வரவழைக்கணும். அப்புறம், ஒரே நேரத்துல ரெண்டு விஷயத்தை மாத்தாதே.” என்னைப் பார்த்துக் கூடுதலாக ஒன்று சொல்வார். “ரின்ஸ்கே, உன் புரோகிராம் ஒழுங்கா ஓடினாலும் நீ மன்னிப்புக் கேப்பே. முதல்ல நிச்சயம் பண்ணு, அப்புறம் பயப்படு.”

அதைத்தான் செய்தேன். புதன்கிழமை காலை, அந்த நடுவிலிருக்கும் மென்பொருள் டேட்டாபேஸுக்கு அனுப்பும் ஒவ்வொரு வாக்கியத்தையும் என் திரையில் காட்டும்படி அமைத்தேன். அது ஒரே ஒரு வார்த்தையை மாற்றும் வேலை. ஒன்பது மணிக்கு நான்கு பெயர் நின்றது. மூன்று பேருக்கு மாரித் ஒவ்வொருவராகப் போன் செய்துகொண்டிருந்தாள். நான்காவது பொஸ்துமா. அவள் அவரிடம் வருவதற்குள் நான் பொத்தானை அழுத்தினேன், ஒன்பது மணி நான்கு நிமிடம். வாக்கியம் திரையில் வந்தது. வட்டத்தைச் சொல்லும் பாதி அதில் இல்லை. என் வட்டத்தை அல்ல, ஊரில் மீதி இருந்த எல்லோரையும் முடிந்ததாகக் குறித்திருந்தது. அந்த மென்பொருளின் கணக்கில் பூஜ்யமும் காலியும் ஒன்று. என் வட்டத்தின் எண் பூஜ்யம். அதனால் அது காலி என்று வரியை விட்டுவிட்டது. எந்த எச்சரிக்கையும் வராது. தப்பாக எதுவும் நடக்காத மாதிரியே இருக்கும்.

“இன்னைக்கும் அதே கூத்து,” என்றாள் மாரித். “பொஸ்துமா இருந்தார், கண் சிமிட்டறதுக்குள்ள காணோம். நான் மாத்த வேண்டியது கண்ணாடியா மூளையா?”

“நான்தான் இப்பப் பேசினேன்,” என்றேன். “சளியாம். குரலே வரல.”

“அந்த மனுஷனுக்குக் குரல் வரலையா? அப்ப இன்னைக்கு ஊருக்கே நிம்மதி.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

இதை நீங்கள் பொய் என்பீர்கள். நான் சோதனையைக் கலைக்காமல் வைத்தேன் என்றுதான் நோட்டில் எழுதியிருக்கிறேன். மாரித் அந்தப் பெயரைத் திரும்பப் போட்டிருந்தால் பதிவு குழம்பியிருக்கும். ஒரு தடவை நடந்தது தற்செயலாக இருக்கலாம். எனக்கு நிச்சயம் தேவைப்பட்டது. அவர் மகள் வீட்டுக்குப் போயிருக்கலாம் என்றும் நினைத்தேன். அவருக்கு மகள் இல்லை என்று நீங்கள் சொன்ன பிறகுதான் தெரியும். பொதுவாக முதியவர்களுக்கு மகள்கள் இருப்பார்கள்.

புதன் மாலை நான்கு பத்துக்கு அவர் தெருவில் இருந்தேன். அது நோட்டில் இருக்கிறது, மறைக்கவில்லை. பள்ளி விடுமுறை, பக்கத்து வீட்டுக்காரர்கள் பனிச்சறுக்குக்குப் போயிருந்தார்கள். அவர் வீட்டு முன்ஜன்னலில் திரைச்சீலை மூடியிருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. சைக்கிளைப் பிடித்தபடி கதவுக்கு ஒரு கை தூரத்தில் நின்றேன். மணியை அழுத்தவில்லை. அழுத்தினால் இரண்டாவது விஷயத்தை மாற்றியதாகிவிடும்.

உள்ளே ஒரு சத்தம் கேட்டது. தரையோடு தரையாக, மந்தமாக. வீட்டைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் என்று நினைத்தேன். பழைய வீடுகளில் குழாய் இடிக்கும். கொஞ்ச நேரம் எண்ணினேன், எண்ணுவது எனக்குப் பழக்கம். மூன்று, பிறகு இடைவெளி, பிறகு மூன்று. என் காதே அடைத்துக்கொண்டது போல் இருந்தது, அவ்வளவு பயம். பதினைந்து நிமிடம் நின்றுவிட்டு வந்தேன்.

வியாழன் காலை மூன்றாம் முறை அழுத்தினேன். பெயர் போனது. பெயர் எங்கே என்று மாரித் இந்தத் தடவை கேட்கவே இல்லை. “சளிக்காரர் எப்படி இருக்கார்?” என்று மட்டும் கேட்டாள். “பரவாயில்லையாம்,” என்றேன். வெள்ளிக்கிழமை நான் அழுத்தியபோது பெயர் போகவில்லை. மாரித் போன் செய்தாள், எடுக்கவில்லை, சாவியோடு அவளே போனாள். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். இடுப்பெலும்பு செவ்வாய் விடியலில் முறிந்தது என்றும், உயிர் போனது புதன் இரவு என்றும் டாக்டர் சொன்னதை நீங்கள்தான் என்னிடம் சொன்னீர்கள். வலது கையில் ஒரு செருப்பு இருந்தது என்றும் சொன்னீர்கள்.

மாரித் சமையலறையில் உட்கார்ந்து, “என் வட்டம், என் ஆளு, நான்தான் மறந்திருப்பேன். ரின்ஸ்கே பேசினதா சொன்னாளே, அதையும் நான் கனவு கண்டிருப்பேன் போல” என்று அழுததாகக் கேள்விப்பட்டேன். அவள் தன் மூளையையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாள். அது எப்படிப்பட்ட வேதனை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் நானாக வந்தேன். யாரும் கூப்பிடவில்லை.

நோட்டில் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் பாதி ஏன் கிழிந்திருக்கிறது என்று கேட்டீர்கள். அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

நான் கிழித்த பாதியில் இருந்தது இதுதான். செவ்வாய் மாலை வகுப்பு இருந்தது. சோதனைக்காக வைத்திருக்கும் நகல் டேட்டாபேஸ் என்னிடம் உண்டு, எல்லாம் கற்பனைப் பெயர்கள். அதில் வட்டங்கள் ஒன்றிலிருந்து தொடங்கும், பூஜ்யமே கிடையாது. அதனால்தான் ஜனவரியில் பிழை என் கண்ணில் படவில்லை. வகுப்பில் உட்கார்ந்து பூஜ்யம் எண்ணோடு ஒரு வரியைச் சேர்த்தேன், அரை நிமிட வேலை. பொத்தானை அழுத்தினேன். எல்லாப் பெயரும் போனது. ஏழு மணி நாற்பது நிமிடம். ஓல்டன்பேக் பின்னால் வந்து, “என்ன, பேயைப் பார்த்தியா?” என்றார். ஒன்றுமில்லை என்று திரையை மூடினேன்.

ஆக, புதன் காலை எனக்கு நிச்சயம் செய்ய எதுவும் மிச்சமில்லை. எல்லாம் தெரிந்துதான் அழுத்தினேன். தெரிந்துதான் சளி என்றேன். புதன்கிழமை யாராவது கதவைத் திறந்திருந்தால் அவர் உயிரோடு இருந்திருப்பார். பேசுகிற நிலையில் இருந்திருப்பார். செவ்வாயிலிருந்து இங்கேயே கிடக்கிறேன், ஏன் யாரும் வரவில்லை என்று கேட்டிருப்பார், அவர் குரலில், ஊருக்கே கேட்கும்படி. பிறகு எல்லோரும் அந்தப் பொத்தானைப் பார்த்திருப்பார்கள், வரியைப் பார்த்திருப்பார்கள், வரிக்குப் பக்கத்தில் தேதியோடு இருக்கும் என் பெயரைப் பார்த்திருப்பார்கள். குழாய் மூன்று மூன்றாக இடிக்காது என்று எனக்குத் தெரியும். வியாழன் மதியம் திரும்பவும் அந்தக் கதவுக்குப் போனேன். அரை மணி நேரம் நின்றேன். ஒரு சத்தமும் இல்லை. அதன் பிறகுதான் அலுவலகம் போய் அந்த வரியைத் திருத்தினேன்.

இப்போது அது சரியாக வேலை செய்கிறது. ஏழு வட்டத்தையும் தனித்தனியாகச் சோதித்துவிட்டேன், இனி யாருடைய பெயரும் அப்படிப் போகாது. அதைத் திருத்தியது நான்தான். யாரும் சொல்லிச் செய்யவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.